பதிலுக்கு முன்பே பச்சை

மார்ச் 4

அக்காவுக்கு,

என் நம்பரிலிருந்து போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மாவின் போனிலிருந்து செய்தால் எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். "எழுதிப் போடுடா. எழுத்தைப் பாதியில வைக்க முடியாது" என்று அம்மாதான் யோசனை சொன்னாள். அதனால் இந்த மெயில்.

நலமா என்று கேட்டால் அதை ஏன் நீ கேட்கிறாய் என்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். டயாலிசிஸ் சென்டருக்கு நாம் செய்து கொடுத்த புக்கிங் சைட்டில் ஒரு தொல்லை. ஒருவர் ஒரு நாற்காலிக்குப் பதிவு செய்தால், சில சமயம் அவர் பெயரிலேயே மூன்று நாற்காலிகள் போய்விடுகின்றன. தலைமை நர்ஸ் போன் செய்து, "மூணு உடம்போட வர்ற பேஷன்ட் யாருன்னு கேட்டுச் சொல்லுங்க சார், நாங்களும் பாக்கணும்" என்கிறார். அந்த அம்மாவின் நக்கல் உனக்குத் தெரியும். நாம் ஓவியர் என்று கூப்பிடுகிற நம் டிசைனர்தான் இப்போது புரோகிராம் கோடும் எழுதுகிறார். பட்டனை அழுத்தியதும் மூன்று விநாடி அது மங்கிப்போகிற மாதிரி செய்து பார்த்தார். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. பதிவு செய்த ஒருவரின் போன் திரையைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

அம்மா பரவாயில்லை. வாரம் மூன்று நாள் நம் சென்டருக்குத்தான் போகிறாள். புக்கிங் நான்தான் போடுகிறேன். பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரம்மா சிநேகிதமாகியிருக்கிறார். நர்ஸ்களின் சீருடைத் தையலைக் குறை சொல்லியே இரண்டு பேரும் நான்கு மணி நேரத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

சர்வர் பாஸ்வேர்ட் கீழே இருக்கிறது. உள்ளே போய் ஒரு பார்வை பார்த்துவிடேன். நீ எழுதின கோட், உனக்குத்தான் பிடிபடும்.

உன் தம்பி


மார்ச் 6

தம்பி,

முதலில் அந்தப் பாஸ்வேர்டை மாற்று. மெயிலில் அனுப்பியது தெருவில் ஒட்டியதற்குச் சமம். மாற்றியதை எனக்குச் சொல்லாதே. உள்ளே வரமாட்டேன். உள்ளே இருப்பவை நோயாளிகளின் விவரங்கள். நான் இப்போது ஒரு நூலகத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து புத்தகம் தேடும் சைட்டைப் பார்த்துக்கொள்கிறவள். அவர்களுடைய சிறுநீரகத்தைப் பார்க்க எனக்கு என்ன உரிமை?

மூன்று நாற்காலிக்கு மருந்து சொல்கிறேன், அம்மா அங்கே போகிறாள் என்பதற்காக. பட்டனை மங்க வைப்பது வெறும் அலங்காரம். நெட் மெதுவாக இருக்கிறவர் நான்காவது விநாடியில் திரும்ப அழுத்துவார். பக்கம் திறக்கும்போதே அந்தப் பதிவுக்கு ஒரு தனி எண் கொடுங்கள். அது பதிவோடு சேர்ந்து சர்வருக்குப் போகட்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாக எதையும் எழுதாமல், முதலில் சொன்ன பதிலையே திரும்பச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸிலும் ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ஷிஃப்ட் இரண்டு முறை வர முடியாதபடி கட்டுங்கள். ஓவியருக்குப் புரியாவிட்டால் இதை அப்படியே அவருக்கு அனுப்பு.

இனி நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். மேல் மூலையில், போனுக்கு இணைப்பு இல்லை என்ற குறி இருக்கிறது. அதற்குக் கீழே பெரிய பச்சை டிக். அதற்குக் கீழே, "உங்கள் இடம் உறுதி." இணைப்பே இல்லாத போனுக்கு இடம் உறுதி என்று யார் வந்து சொன்னார்கள்?

ஆக, அதை நீ எடுக்கவில்லை. சர்வர் பதில் சொல்வதற்கு முன்பே பச்சை காட்டக்கூடாது என்று நான் சொன்னதற்குத்தான் அன்றைக்கு எல்லோர் முன்னாலும், "அக்கா பழைய காலத்து ஆளு, எல்லாத்துக்கும் ரசீது கேப்பாங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். ஏசி ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க வைத்திருந்த வாளியைத் தாண்டி, என் கீபோர்டை எடுத்துக்கொண்டு நான் கம்பெனியை விட்டே வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிதில்லை. அந்தப் பச்சையை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 9

அக்கா,

நீ சொன்னபடி செய்தோம். மூன்று நாற்காலித் தொல்லை ஒழிந்தது. நர்ஸ், "இப்பல்லாம் ஒரு உடம்போடதான் வர்றாங்க, சப்புனு இருக்கு" என்கிறார். நன்றி.

பச்சை விஷயத்தில் நீ ஒரு பக்கமாகவே பார்க்கிறாய். சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டத்தைப் பார்க்க மனிதர்களுக்குப் பிடிப்பதில்லை. நோயாளிகள் வேறு, பாவம், ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறார்கள். அழுத்தியதும் பச்சை வந்தால் ஒரு நிம்மதி. சேமிப்பு பின்னால் நடந்துகொண்டிருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சேமித்தும் விடுகிறது. சென்டர் மேனேஜர் முதல் தடவை பார்த்துவிட்டு, "என்னங்க, தொடுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்று கை கொடுத்தார். உன் காலத்தில் அவர் கை கொடுத்ததில்லை. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

புதிதாக இரண்டு தொல்லை. ஒன்று, பக்கத்தில் ஷிஃப்ட் நேரத்தை மாற்றினோம், ஆனால் பலருக்குப் பழைய பக்கமே தெரிகிறது. பிரவுசரில் சேர்ந்திருப்பதை அழித்துவிட்டுப் பாருங்கள் என்று நர்ஸ்கள் ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு, விடிகாலை ஷிஃப்டுக்குப் பதிவு செய்தால் சிலருக்கு முந்தின நாள் தேதி விழுகிறது. ஓவியர் எல்லாத் தேதியிலும் ஒரு நாள் கூட்டிப் பார்த்தார். மற்றவர்களுக்கு மறுநாள் ஆகிவிட்டது.

அம்மா உன்னைக் கேட்டாள்.

தம்பி


மார்ச் 11

தம்பி,

ஒரு நாளைக் கூட்டிப் பார்த்தாராம். கெட்டுப்போன பாலை வடிகட்டிக் கொடுக்கிற மாதிரி. அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் சைட்டில், நோயாளிகள் பதிவு செய்துகொண்டிருக்கும்போது. இதற்கென்று தனியாக ஒரு சோதனை சைட் அமைத்துக் கொடுத்துவிட்டு வந்தேனே, அதை என்ன செய்தீர்கள்?

தேதிக்கு: சர்வர் ஓடுகிற இடத்தின் கடிகாரம் வேறு, உங்கள் ஊர்க் கடிகாரம் வேறு. உலகப் பொது நேரத்தில் மட்டும் சேமியுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் உங்கள் ஊர் நேரமாக மாற்றுங்கள். நடுவில் எங்கேயும் எதையும் கூட்டாதீர்கள், கழிக்காதீர்கள்.

பழைய பக்கத்துக்கு: பிரவுசர் பெயரைப் பார்த்துத்தான் ஃபைலைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உள்ளே மாற்றிவிட்டு வெளியே அதே பெயரை வைத்தால் அது எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஃபைலின் பெயர் மாற வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லும் முதல் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போடுகிற நர்ஸை பிரவுசர் துடைக்க விடாதீர்கள்.

தொண்ணூற்றொன்பது என்று எழுதியிருக்கிறாய். நூறாவது ஆளுக்கு என்ன ஆகிறது? அவர் போனிலும் பச்சைதானே? சேமிப்பு தோற்றால் அந்தப் பிழை எங்கே போய் விழுகிறது என்று ஓவியரைக் கேள். எங்கேயும் விழாது. எனக்குத் தெரியும். பிழையைப் பிடித்து, பிடித்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருப்பார். மேனேஜரின் கையை நீ குலுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் இல்லாத நாற்காலியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்திருப்பார்.

அந்த டிக்கை எடு. இதற்கு மேல் இதை மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் நான் தினமும் பேசுகிறேன். "அவன் ரொம்ப உழைக்கிறான்டி" என்கிறாள். கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா, போனை எடு. ப்ளீஸ்.

அம்மாவுக்கு நாற்காலி இல்லைன்னுட்டாங்க. காலைலேர்ந்து சென்டர் வாசல்ல உக்காந்திருந்தா. முந்தின தடவையும் பாதியிலேயே நிறுத்தினதால உடம்புல தண்ணி ஏறிப் போச்சு. படுக்க முடியல, உக்காந்தபடியே மூச்சு வாங்குறா. நானே போட்டேன்க்கா. என் கையால போட்டேன். பச்சை வந்துச்சு. பாத்துட்டுத்தான் போனை உள்ள வெச்சேன். சாயங்காலம் யாரோ ஒருத்தர் வராததால நர்ஸ் அந்த இடத்துல உக்கார வெச்சாங்க. இப்போ மெஷின்ல இருக்கா. தூங்குறா.

மேனேஜரைப் பிடிச்சு நல்லா கத்திட்டேன். உங்க சென்டர் நெட்டே சரியில்லைன்னு. நீ வர வேண்டாம். நான் பாத்துக்கறேன். இனிமே அம்மாவுக்கு இப்படி ஆகாது, அதைச் சரி பண்ணிடுவேன்.


மார்ச் 20

தம்பி,

நேற்று அம்மாவோடு பேசினேன். அவள் பேசியது இரண்டே வார்த்தை. "வந்துட்டேன்டி. படுத்திருக்கேன்."

அந்தப் பச்சையைப் போடச் சொன்னவனே நீதான். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று இந்த உலகத்தில் நன்றாகத் தெரிந்தவர்கள் நீயும் ஓவியரும் நானும்தான். நீயே அதைப் பார்த்துவிட்டு நம்பிப் போனை உள்ளே வைத்திருக்கிறாய். பிறகு மேனேஜரிடம் போய்க் கத்தியிருக்கிறாய். இதை எத்தனை முறை படித்தாலும் கை கழுவ வேண்டும் போல இருக்கிறது.

"அம்மாவுக்கு இப்படி ஆகாது" என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு என்றால் என்ன? என்ன சரி செய்யப் போகிறாய்? டிக்கை எடுக்கிறாயா?

அக்கா


மார்ச் 27

அக்கா,

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. அம்மா தேறிவிட்டாள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. போன வாரத்திலிருந்து அவளுக்கு ஒரு தடவைகூட நாற்காலி தவறவில்லை. நேரத்துக்குப் போகிறாள், நேரத்துக்கு வருகிறாள். அதனால் நீ கவலைப்படாதே.

டிக்கைப் பற்றி மேனேஜரிடம் பேச நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேதிக் குழப்பமும் பழைய பக்கக் குழப்பமும் நீ சொன்னபடி தீர்ந்தன.

இப்போது வேறொன்று. சிலர் போனில் பச்சையோடு வாசலில் வந்து நிற்கிறார்கள், நர்ஸின் திரையில் அவர்கள் பெயர் இல்லை. இது சேமிக்காமல் போனதுமில்லை, ஏனென்றால் முந்தின நாள் பெயர் இருந்தது என்று நர்ஸ் சத்தியம் செய்கிறார். "உங்க கம்ப்யூட்டர் ஆளைப் பாத்துப் பாத்துத் தின்னுது சார்" என்கிறார். காலை ஷிஃப்டில் மட்டும்தான் இப்படி. ஓவியர் பார்த்துவிட்டு ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். பழைய பக்கம் சேர்ந்திருக்கும் விவகாரம்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. நோயாளிகளின் விவரம் எதுவும் இல்லை, புக்கிங் கோட் மட்டும் உள்ள ஃபைலை அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்.

அம்மாவுக்குத்தான் பொழுது போகவில்லை. தையல்காரம்மாவை இரண்டு தடவையாகக் காணோம் என்று புலம்புகிறாள்.

தம்பி


மார்ச் 28

தம்பி,

உன் ஃபைலைப் படித்தேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

நடுவில் ஏழு வரிகள் ஓவியருடையவை அல்ல. அவர் அசிங்கமாக எழுதினாலும் இடைவெளி விட்டு எழுதுவார். சமக்குறியின் இரு பக்கமும் இடம் விடாமல் நெருக்கியடித்து எழுதுகிற ஒரே ஆள் நீதான். கல்லூரியில் உன் ப்ராஜெக்டை நான் உட்கார்ந்து திருத்திய காலத்திலிருந்து எனக்குத் தெரியும். மேலே "தற்காலிகம்" என்று ஒரு குறிப்பு வேறு. கீழே அம்மாவின் போன் எண்.

அந்த வரிகள் என்ன செய்கின்றன என்று உனக்கே எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் நீ இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கமாட்டாய். இந்த எண்ணிலிருந்து பதிவு வந்து, ஷிஃப்ட் நிறைந்திருந்தால், அந்த ஷிஃப்டில் கடைசியாகப் பதிந்தவரை அழி. அழித்ததை எங்கேயும் எழுதாதே. அவருக்குச் சொல்லாதே. அந்த இடத்தில் இவரைப் போடு.

அழிக்கப்பட்டவரின் போனில் பச்சை அப்படியே இருக்கும். ஏனென்றால் அந்தப் பக்கம் ஒரு முறை பச்சை காட்டியபின் சர்வரைத் திரும்பக் கேட்பதே இல்லை.

நர்ஸ் சொன்னது சரி. ஆளைப் பார்த்துத் தின்கிறது. யாருக்காக என்பதையும் தெரிந்துகொண்டே என்னிடம் கேட்டிருக்கிறாய். அல்லது தெரியாமலே கேட்டாயா? எது கேவலம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

தையல்காரம்மா மாலையில் கடை வேலையை முடித்துவிட்டுத்தான் போனை எடுப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதாவது அவர் எப்போதும் கடைசியாகப் பதிகிறவர். அம்மா எந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவரைக் காணோமே என்று புலம்புகிறாள் என்று யோசித்துப் பார்.

செய்ய வேண்டியது இது. இன்றைக்கே அந்த ஏழு வரிகளையும் எடு. போன வாரத்தின் பேக்கப்பை இன்றைய பதிவுகளோடு ஒப்பிட்டால் யார் யார் அழிக்கப்பட்டார்கள் என்று தெரியும். ஒவ்வொருவருக்கும் நீ போன் செய், ஓவியர் அல்ல. பதிவை இனி அழிக்காதே. ரத்து என்று குறித்து, யார், எப்போது, ஏன் என்று பக்கத்தில் எழுது. பச்சை, சர்வரின் பதிலுக்குப் பிறகு மட்டும். பிறகு அம்மாவிடம் போய்ச் சொல். நான் சொல்லமாட்டேன்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

நீ நியாயமாக எழுதுகிறாய். உனக்கு அது சுலபம். புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு புத்தகம் தேடிக் கிடைக்கவில்லை என்றால் யாரும் சாகப்போவதில்லை.

அன்றைக்கு அந்த வாசலில் இருந்தவன் நான். அம்மாவின் உதடு நீலமாக இருந்தது. "தண்ணி கேக்கமாட்டேன்டா, பயப்படாதே" என்று எனக்கு அவள் தைரியம் சொல்கிறாள். என் கையில் அந்தச் சனியன் பிடித்த பச்சை. என்னால் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அந்த ஏழு வரிகளை எழுதினேன். கோட் எழுதிப் பல வருஷம் ஆகிறது. ஆமாம், யாரோ ஒருவர் போவார் என்று தெரியும். யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை.

நேராகக் கேட்கிறேன். உனக்கு அம்மா முக்கியமா, முகம் தெரியாத ஒரு தையல்காரம்மா முக்கியமா? பதில் சொல். அதைச் சொல்லிவிட்டு அப்புறம் எனக்குப் பாடம் நடத்து.

வரிகளை இன்னும் எடுக்கவில்லை. நாளை மறுநாள் அம்மாவுக்கு ஷிஃப்ட் இருக்கிறது.

தம்பி


மார்ச் 30

தம்பி,

அம்மா. இதைக் கேட்க வேண்டியதே இல்லை. இரண்டு பேரில் ஒருவர் என்றால் நானும் அம்மா என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு அந்த இன்னொருவரை நேராகப் பார்க்கக் கூசுவேன்.

ஆனால் உன்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. உள்ளே ஒரு தலைமை நர்ஸ் இருக்கிறார். காலைப் பார்த்து, மூச்சைப் பார்த்து, இன்றைக்கு யார் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்று முடிவு செய்வது அவர் வேலை. "என் அம்மாவுக்கு முடியல, யாராவது இடம் விடுவாங்களா" என்று நீ அவரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். எத்தனையோ பேர் தினமும் கேட்கிறார்கள். ஒருவேளை அந்தத் தையல்காரம்மாவே எழுந்து இடம் விட்டிருப்பார். நீ கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாய். எடுத்தது தெரியாமலிருக்க அவர் கையில் ஒரு பச்சையையும் கொடுத்தாய்.

இன்னொன்று. எல்லோருக்கும் பழுதாகக் கிடக்கும் ஒன்றை உன் வீட்டுக்கு மட்டும் சரி செய்துகொண்டாய். அதன் பிறகு அதைப் பழுது பார்க்க உனக்கு அவசரம் எங்கிருந்து வரும்? டிக்கைப் பற்றிப் பேச இன்னும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

நாளைக் காலை தலைமை நர்ஸுக்கு நான் போன் செய்து, பச்சையை நம்பாதீர்கள், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள் என்று சொல்லப்போகிறேன். ஏன் என்று அவர் கேட்பார். அதற்கு முன் நீ சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது. இது மிரட்டல்தான். வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

வரிகளை அன்றைக்கே எடுத்தேன். தலைமை நர்ஸிடம் நானே சொன்னேன். முதல் முறையாக அவர் நக்கல் எதுவும் செய்யவில்லை. "போய் உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, மத்தவங்களை நான் பாத்துக்கறேன்" என்றார். மேனேஜர் வேறு கம்பெனியைத் தேடப்போவதாகச் சொல்கிறார். தேடட்டும்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் துடைப்பதை நிறுத்தவில்லை. "அப்போ அந்தப் பொம்பளை எடத்துலயா நான் உக்காந்திருந்தேன்?" என்றாள். பிறகு, "செருப்பை எடு. என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரே அறை. தையல் மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அந்த அம்மா தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் அம்மாவின் கால் அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தன. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு ஒரு தடவை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பிழைத்தது அதனால்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை எடுத்து நீட்டினார். "நீங்கதான் இதைச் செஞ்சவங்களா தம்பி? பாருங்க, பச்சை இருக்கு. நான் அழிக்காம வெச்சிருக்கேன். வாசல்ல செக்யூரிட்டி நான் பொய் சொல்றேன்னுட்டான். நாலு பேர் பாத்தாங்க. எனக்கு இந்த போன் சரியா வராது, நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போல. அடுத்த தடவை எங்க அழுத்தணும்னு காட்டிட்டுப் போங்க."

நீட்டிய போனை வாங்கிக்கொண்டேன், அக்கா.

அம்மாதான் பேசினாள். "நீ ஒண்ணும் தப்பா அழுத்தல. இவன்தான் அழுத்தினான்."

அடுத்த ஷிஃப்டுக்கு இரண்டு பேருக்கும் அங்கேயே உட்கார்ந்து பதிவு போட்டேன். புதிய பக்கம். வட்டம் சுற்றியது. தையல்காரம்மாவுக்குப் பச்சை. அம்மாவுக்குச் சிவப்பு, காலை ஷிஃப்ட் நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸுக்குப் போன் செய்து கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள். அம்மாவை மாலை ஷிஃப்டில் சேர்த்துக்கொண்டார்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள். பேசுவதில்லை.

என்னை மன்னித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 5

தம்பி,

நூலகத்திலிருந்து உங்கள் சைட்டைத் திறந்து பார்த்தேன். வட்டம் சுற்றுகிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டு அழுத்தினேன், பச்சை வரவில்லை. அதுவரைக்கும் சரி.

சிவப்பு வரும்போது என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாயா? "மன்னிக்கவும், இடமில்லை." அவ்வளவுதான். அத்தோடு பதிவு செய்கிறவர் எழுதிய பெயர், எண், தேதி எல்லாம் அழிந்து படிவம் வெறுமையாகிவிடுகிறது. மூச்சு வாங்குகிற ஒரு மனுஷி மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அந்த "மன்னிக்கவும்" யாருக்கு? படிக்கிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதை எடுத்துவிடு. அந்த இடத்தில் அடுத்து எந்த ஷிஃப்டில் இடம் இருக்கிறது என்று காட்டு. தலைமை நர்ஸின் போன் எண்ணைப் போடு, தொட்டால் அழைப்பு போகிற மாதிரி. படிவத்தில் அடித்தது அடித்தபடி இருக்கட்டும்.

எனக்கு எழுதியதிலும் கடைசியில் அதே வார்த்தை இருக்கிறது. அதற்கும் இதே பதில். அருவருப்பு இன்னும் போகவில்லை. எப்போது போகும் என்று எனக்கே தெரியவில்லை. அதற்காக அம்மா காத்திருக்க முடியாது.

சனிக்கிழமை வருகிறேன். அன்றைக்கு அம்மாவை நான் அழைத்துப்போகிறேன். அவளுக்கு நீ புக்கிங் போடாதே, நான் போட்டுவிட்டேன். வட்டம் சுற்றி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை வந்தது. உடனே சென்டருக்குப் போன் செய்து, இந்தப் பெயர் திரையில் இருக்கிறதா என்று கேட்டேன்.

தலைமை நர்ஸ் பார்த்துவிட்டு, "இருக்கும்மா" என்றார். பிறகு, "என்ன, சார் வீட்டு ஆளுங்களே நம்பலையா?" என்றார்.

"வீட்டு ஆளுங்கதான் நம்பக்கூடாது" என்றேன்.

அக்கா